‘ராசா’ எந்த இடத்தில் ‘நீங்க’ ஆனது: ‘நிலை’ உரையாடல் விளையாட்டின் செய்முறைக் குறிப்பு

‘நிலை’ மூன்றாவது வரைவில்தான் நின்றது. எட்டு நிமிடத்தில் முடியும் உரையாடல் விளையாட்டு. படம் இல்லை, குரல் இல்லை, எழுத்து மட்டும். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பட்டாலையில் அப்பத்தாவும் பேரனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாசிப்பவர்தான் பேரன். வீட்டை விற்கப் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று, அப்பத்தா கையெழுத்து மட்டும் பாக்கி. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவியும் முதல் வகுப்பு வாரிசு. அதனால் அப்பத்தாவின் கணவரான ஐயாவின் பங்கு முழுவதையும் அப்பத்தா கையெழுத்து இல்லாமல் பதிவு செய்ய முடியாது. கதைக்குத் தேவையான இறுக்கம் இந்த ஒரு சட்ட விவரத்திலேயே கிடைத்துவிட்டது.

மொத்தம் 14 சுற்றுப் பேச்சு. எழுதியது 4,200 சொல். ஒருமுறை விளையாடுகிறவர் கண்ணில் படுவது ஏறக்குறைய 900 சொல். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு மூதாட்டியின் மனம் நோவதையும் அது கொஞ்சம் ஆறுவதையும் பெயர் சொல்லாமல் காட்ட வேண்டும். வேலை முழுவதும் அதுதான்.

கருவி

கிளைபிரியும் கதைகளை எழுதுவதற்கான இங்க் (ink) மொழி, அதில் எழுதித் திருத்துவதற்கான இங்கி (Inky) செயலி. இரண்டும் இலவசம். இங்க் 2016 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. இதேபோன்ற இன்னொரு கருவியான ட்வைனில் (Twine) தொடங்கிப் பார்த்தோம். ஒவ்வொரு பதிலும் தனிப் பெட்டியாக விரிந்து, பத்தாவது சுற்றுக்குள் திரை முழுக்க நூலாம்படை ஆகிவிட்டது. உரையாடல் மேலிருந்து கீழே ஒரே கோப்பில் ஓடினால்தான் வாய்விட்டுப் படித்துத் திருத்த முடியும். இங்கியில் இடப்பக்கம் ஒரு வரியை மாற்றினால், ஏற்கெனவே எடுத்த தேர்வுகளை அதுவே திரும்ப ஓட்டி, அதே இடத்தில் புது வரியைக் காட்டும். ஒரு வரியை இருபது விதமாக எழுதிப் பார்க்கிற வேலைக்கு இதைவிட வசதி வேறில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: இங்க் மொழியில் மாறிகளின் (மதிப்பை நினைவில் வைத்திருக்கும் இடங்கள்) பெயரையும் பகுதிகளின் பெயரையும் தமிழில் வைக்க முடியாது, ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரை எந்த மொழியிலும் இருக்கலாம். கீழே உள்ள நிரல் துண்டுகளில் புரிவதற்காகப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். அப்படியே ஒட்டினால் ஓடாது.

கைக்கு ஒரு வேலை

அப்பத்தா சும்மா உட்கார்ந்து பேசினால் ‘பெருமூச்சு விட்டார்’, ‘கண் கலங்கினார்’ என்று எழுதத்தான் வரும். இரண்டும் தேய்ந்துபோனவை. அதனால் கையில் கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்னுகிற வேலையைக் கொடுத்தோம். பக்கத்தில் நனைத்த ஓலை, தண்ணீர்க் கிண்ணம், பாதி முடிந்த கொட்டான். கைக்கு மூன்றே நிலை: பின்னுகிறது, நிற்கிறது, பின்னியதைப் பிரிக்கிறது. ஓலை காய்ந்தால் மடிக்கும்போது வெடிக்கும் என்பதால், பேச்சு நீண்டு நின்றுபோகிற இடங்களில் ‘ஓலை காயுது’ என்று ஒரு வரி போட முடிந்தது. பேரன் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் நிரப்பிவரலாம். மன்னிப்புக் கேட்கிற தேர்வு விளையாட்டில் எங்கும் இல்லை. அதன் இடத்தில் இந்தக் கிண்ணம் இருக்கிறது.

கைவேலையைத் தேர்ந்தெடுக்கும்போது பாதியில் நிறுத்தக்கூடியதாக, பின்னோக்கியும் போகக்கூடியதாகப் பாருங்கள். காய் நறுக்குவதை முதலில் யோசித்தோம். நறுக்கியதைத் திரும்பச் சேர்க்க முடியாது.

முதல் வரைவு: மூன்று எண்கள்

கோபம், பாசம், கவலை என்று மூன்று மாறிகள், ஒவ்வொன்றும் 0 முதல் 10 வரை. ஒவ்வொரு தேர்வும் எதையாவது கூட்டும், எதையாவது குறைக்கும். மூன்று மாறிக்கு 11 மதிப்பு என்றால் 1,331 கலவை. அத்தனைக்கும் தனி வரி யாராலும் எழுத முடியாது. எனவே ஒரே வரியை வைத்துக்கொண்டு வினையடை மட்டும் மாற்றினோம்: ‘கோபமாகச் சொன்னார்’, ‘கவலையோடு சொன்னார்’. வாய்விட்டுப் படித்தால் ஒரே அப்பத்தா ஒரே வரியைப் பல முகமூடியில் சொல்வதுபோல இருந்தது. வாசித்தவர்களும் எண்ணைத்தான் துரத்தினார்கள். எதைச் சொன்னால் பாசம் ஏறும் என்று கணக்குப் போட்டு, விலையை மட்டும் தவிர்த்துவிட்டு, மனம் எதிலும் ஒட்டாமல் முடித்தார்கள்.

இதிலிருந்து மிஞ்சியது ஒரே ஒரு வேலை: கோப்பில் ‘ஆக’, ‘ஓடு’ என்று முடியும் வினையடைகளைத் தேடி எல்லாவற்றையும் அழித்தோம். அழித்த பிறகும் உணர்ச்சி தெரிந்த வரிகள் ஒன்பதுதான். அந்த ஒன்பதிலும் ஒரு பொதுத்தன்மை இருந்தது. எல்லாமே அப்பத்தா பேரனை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதில் மாறியிருந்தன.

இரண்டாம் வரைவு: தானாக ஆறிப்போகிற கேள்வி

சாப்பாட்டுக் கேள்வியை முதுகெலும்பாக்கி, இங்க் தருகிற வரிசை அடைப்பில் வைத்தோம்.

{ராசா, சாப்பிட்டியா?|சாப்பிட்டாச்சா?|சாப்பிட்டீங்களா?}

ஒவ்வொரு முறை அந்த இடத்தைக் கடக்கும்போதும் அடுத்த வடிவம் வரும், கடைசி வடிவம் அப்படியே தங்கும். எழுதுவதற்குச் சுகமானது. ஆனால் இது மனநிலையைப் பார்ப்பதில்லை, எத்தனையாவது முறை என்பதைத்தான் பார்க்கிறது. இதமாகப் பேசிய பேரனுக்கும் மூன்றாவது முறை ‘சாப்பிட்டீங்களா?’ வந்து விழுந்தது. அப்பத்தா காரணமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் ஆயிற்று. வரிசை அடைப்பு மின்விசிறிச் சத்தம், முற்றத்து வெயில் போன்ற பின்னணி வரிகளுக்கு நல்லது. மனிதர் வாயில் வைக்காதீர்கள்.

மூன்றாம் வரைவு: விளி ஒன்றே மாறி

மூன்று எண்களையும் தூக்கிவிட்டு, கூப்பிடும் முறைக்கு ‘விளி’ என்று ஒரே மாறி. மதிப்பு 0 முதல் 3 வரை.

{ விளி:
- 0: ராசா, சாப்பிட்டியா?
- 1: சாப்பிட்டாச்சா?
- 2: சாப்பிட்டீங்களா?
- 3: வந்தவுக சாப்பிட்டாகளான்னு கேளு.
}

தமிழ் இந்த வேலையை எவ்வளவு எளிதாக்குகிறது என்பது இங்கேதான் தெரிந்தது. 0இல் அழைப்பும் உண்டு, ஒருமையும் உண்டு. 1இல் எழுவாயே இல்லை. ‘ஆச்சா’ என்று கேட்டால் நீயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். எப்படிக் கூப்பிடுவது என்று மனம் முடிவு செய்யாதபோது வாய் தேடிப்போகிற வடிவம் அது. 2இல் வளர்த்த பேரனுக்கு மரியாதைப் பன்மை. 3இல் பேரன் எதிரிலேயே இருக்க, அடுப்படியில் இருக்கிற பெண்ணிடம் அவனைப் பற்றிக் கேட்கிறார். நான்கு வரியிலும் கேள்வி ஒன்றேதான், சாப்பாடும் கிடைக்கும்.

ஒரு விதிவிலக்கு. செட்டிநாட்டு வீடுகளில் வாசலில் யார் வந்தாலும், சின்னப் பிள்ளையே ஆனாலும், ‘வாங்க’ என்று கேட்பது முறை. கேட்காவிட்டால்தான் குறை. ஆகவே தொடக்கத்தில் வரும் ‘வாங்க வாங்க’ இந்த 0 முதல் 3 வரையான ஏணியில் சேராது. முதல் வரைவில் அதை ‘வா ராசா’ என்று எழுதியிருந்தோம். இந்தப் பக்கத்து வாசகர்கள் முதல் வரியிலேயே முகம் சுளித்தார்கள். இப்போது வரவேற்பில் ‘வாங்க’, உட்கார்ந்ததும் ‘ராசா’. பன்மையிலிருந்து ஒருமைக்கு வரும் அந்த இறக்கத்திலேயே நெருக்கம் தெரிந்துவிடுகிறது. பின்னால் ஏறும்போது உறைப்பதற்கும் அதுதான் காரணம்.

ஏணியில் ஏறும்போது ஒரு சுற்றுக்கு ஒரு படிதான். இறங்குவதும் அப்படியே. 3ஐத் தொட்டுவிட்டால் பிறகு எவ்வளவு இதமாகப் பேசினாலும் 1க்குக் கீழே வராது. இதற்கு ‘உச்சம்’ என்று இன்னொரு மாறி, தொட்ட உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். இது இல்லாத பதிப்பில் கடைசிச் சுற்றில் திரும்பவும் ‘ராசா’ வந்தது, அதுவரை நடந்தது எல்லாம் பொய்யாகத் தெரிந்தது.

எது படியை ஏற்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். விலையைச் சொல்வது, ‘பழசு’ என்பது, பேச்சின் நடுவே கைப்பேசியை எடுப்பது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணுக்கும் கதவுக்கும் என்ன கிடைக்கும் என்று கேட்பது. இவற்றைவிட நுட்பமாக வேலை செய்தது ஒரே சொல் மாறிய இந்த இரட்டைத் தேர்வு:

* ‘இந்த வீட்டைப் பத்திப் பேசணும் அப்பத்தா.’
* ‘நம்ம வீட்டைப் பத்திப் பேசணும் அப்பத்தா.’

‘இந்த’ ஒரு படி ஏற்றும். ‘நம்ம’ ஏற்றாது. எந்த விளக்கமும் கூட வராது.

நிலுவை

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறை. அப்பத்தா திடீர் திடீரென்று மாறினார். வாசிப்பவர் சொன்ன அடுத்த நொடியே பன்மை வந்து நின்றால், தண்டனை கொடுப்பதுபோல் இருக்கிறது. கையும் வாயும் சேர்ந்து மாறியதுதான் காரணம். இரண்டையும் பிரித்தோம். மனம் நோகும்படி ஒன்றைச் சொன்னால் உடனே மாறுவது கை மட்டும். பின்னல் நிற்கும். விளி மாறுவது அடுத்த சுற்றில். இடையில் கிடைக்கிற ஒரு தேர்வில் பேரன் கவனித்துத் திரும்பிக்கொண்டால் படி ஏறாது.

இதற்கான மாறிக்குக் கணக்குப்பிள்ளை வழக்கில் ‘நிலுவை’ என்று பெயர் வைத்தோம்.

{ நிலுவை > 0 && விளி < 3:
~ விளி = விளி + 1
}
~ நிலுவை = 0

இந்தத் துண்டை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுற்றின் முடிவில் வைத்தால் பேரனுக்கு வாய்ப்புக் கிடைப்பதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும். இரண்டு நாள் இதே தவறில் போயிற்று. பேரனின் அடுத்த தேர்வுக்குப் பிறகு, அப்பத்தாவின் பதிலுக்கு முன்னால் வைக்க வேண்டும். இதமான தேர்வுகளுக்குள்ளேயே நிலுவையை 0 ஆக்கிவிட வேண்டும்.

விளையாட்டு உயிர்பெற்றது இந்த மாற்றத்தில்தான். பின்னல் நின்றதைப் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கி, ‘ஓலை எங்க வாங்குறீங்க?’ என்று வாசிப்பவர் பேச்சை மாற்றுகிற இடத்தில் அவர் மனதிலும் ஏதோ நடக்கிறது. அப்பத்தாவின் உணர்ச்சியை எழுதியது நாங்கள். பேரனின் உணர்ச்சியை எழுத வேண்டிய தேவையே வரவில்லை.

‘பழசாம்’

2ஆம் படியில் அப்பத்தா பேரன் சொன்ன சொல்லையே எடுத்து ‘ஆம்’ சேர்த்துத் திருப்பிச் சொல்வார். பேரன் ‘பழசு’ என்றால் ‘பழசாம்’ என்பார். சொல்லை மாறியில் சேமித்துப் பின்னால் ‘ஆம்’ ஒட்டலாம் என்று பார்த்தால் ‘பழசுஆம்’ என்று வந்தது. புணர்ச்சியை இங்க் செய்யாது. முழு வடிவத்தையே சேமியுங்கள்: ‘பழசாம்’, ‘வீணாம்’, ‘செலவாம்’. வேற்றுமை உருபு ஒட்டுகிற எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். இந்தத் திருப்பிச் சொல்லலை ஓர் ஆட்டத்தில் ஒரே முறை மட்டும் வர விடுங்கள். இரண்டாவது முறை வந்தால் குத்தல் பேச்சு பேசும் மாமியார் ஆகிவிடுகிறார்.

மௌனம்

ஒருமுறை எடுத்தால் மறைந்துவிடும் தேர்வுகள் எல்லாம் தீர்ந்துவிட்டால் உள்ளடக்கம் முடிந்துவிட்டது என்று இங்க் பிழை காட்டும். அதைத் தடுக்கத்தான் உரை இல்லாத பின்னிருப்புத் தேர்வு: உடுக்குறியும் அம்புக்குறியும் மட்டும். நாங்கள் அந்த அம்பை மௌனப் பகுதிக்குத் திருப்பினோம். பேரனிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றால், ஓலை இழுபடும் சத்தம், முற்றத்தில் நிழல், பிறகு அப்பத்தாவே பேச்சைத் தொடங்குகிறார். பிழையை அடைக்கப் போட்ட ஒட்டு ஆட்டத்தின் மிக நல்ல இடங்களில் ஒன்றானது.

இதைத் தவிர ‘பேசாமல் இரு’ என்று வெளிப்படையான தேர்வு ஐந்து சுற்றுகளில் இருக்கிறது. எல்லாச் சுற்றிலும் வைத்திருந்தபோது யாரும் தொடவில்லை. கேள்வி கேட்கப்பட்ட உடனே வருகிற சுற்றுகளில் மட்டும் விட்டோம். அங்கே பேசாமல் இருப்பதும் ஒரு பதில்.

இடைவெளி

இங்கியின் வலைப்பதிப்பு ஒவ்வொரு பத்தியையும் 200 மில்லிநொடி இடைவெளியில் காட்டுகிறது. கூடவே வரும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் அந்த எண்ணைப் பார்க்கலாம். ‘இடைவெளி: 900’ என்பதுபோல் வரிக்குப் பின்னால் குறிச்சொல் போட்டு, அதைப் படிக்க நான்கு வரி சேர்த்தோம். குறிச்சொல் தமிழில் இருக்கலாம். சாதாரண வரிக்கு 400, தயங்குகிற வரிக்கு 900, கை நிற்கிற வரிக்குப் பிறகு 1,500. 2,000ஐத் தாண்டினால் ஆட்டம் தொங்கிவிட்டது என்று திரையைத் தட்டுகிறார்கள். தட்டினால் உடனே வரியைக் காட்டும்படி வைப்பது கட்டாயம்.

எழுத்தெழுத்தாகத் தட்டச்சாகும் விளைவை முயன்று கைவிட்டோம். ‘ஆச்சி’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு. சாதாரணமாகப் பிரித்தால் முதலில் ‘ச’ வந்து பிறகு புள்ளி ஏறும், உயிர்மெய்க் குறி தனியாகப் புள்ளி வட்டத்தோடு துடிக்கும். உலாவியிலேயே உள்ள எழுத்துப் பிரிப்பானான Intl.Segmenter கொண்டு பிரித்தால் பெரும்பாலும் சரியாகிறது, ஆனால் பயர்பாக்ஸில் அது 2024இல்தான் வந்தது. ‘ஸ்ரீ’ போன்றவை அப்போதும் இரண்டாக வந்து ஒட்டிக்கொள்ளும். சொல் சொல்லாகக் காட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அப்பத்தா திக்கிப் பேசுவதுபோல் ஆகிறது. முழு வரியாகக் காட்டி, வரிகளுக்கு நடுவே காத்திருப்பதே நன்றாக இருந்தது.

சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் உண்மையான சாய்வு கிடையாது, உலாவி சும்மா சரித்துக் காட்டும். கையசைவு வரிகளுக்குச் சற்று வெளிர்ந்த நிறம் கொடுத்தோம். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், 18 புள்ளி, வரி உயரம் 1.7. கைப்பேசியில் ஒரு வரிக்கு நான்கைந்து சொல்தான் பிடிக்கிறது. அதனால் அப்பத்தாவின் எந்தப் பேச்சும் ஒன்பது சொல்லைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தோம். கோபத்தில் ஐந்து சொல்.

ஒரே ஒரு ஏமாற்று

இங்க் தேர்வில் சதுர அடைப்புக்குள் இருப்பது தேர்வாக மட்டும் தெரியும், அடைப்புக்குப் பின்னால் இருப்பது தேர்ந்த பிறகு மட்டும் வரும்.

* [கையெழுத்தைக் கேள்] ‘அப்பத்தா… தண்ணி கொண்டாரவா?’

வாசிப்பவர் கேட்கத் துணிந்துவிட்டார், பேரனுக்கு வாய் வரவில்லை. 11ஆம் சுற்றில் ஒரே இடத்தில் வைத்தோம். மூன்று இடத்தில் வைத்த பதிப்பில், நான் சொன்னது எதுவும் நடப்பதில்லை என்று வாசிப்பவர் கையை விட்டுவிட்டார்.

முடிவு வரிகள்

கையெழுத்துக் கிடைக்கிறதா இல்லையா என்பதற்கு மூன்று முடிவு. ஆனால் எல்லாவற்றிலும் கடைசித் தேர்வு ஒன்றுதான்: ‘போறேன்’ அல்லது ‘போயிட்டு வாரேன்’. அப்பத்தாவின் கடைசி வரியும் ஒன்றேதான், நிலைப்படி உயரம் என்பதால் வருகிற எச்சரிக்கை: ‘பாத்துப் போ, படி இருக்கு.’ விளி 2 அல்லது 3 ஆக இருந்தால் ‘பாத்துப் போங்க.’ கையெழுத்துக் கிடைத்து, ‘போங்க’வும் கிடைக்கிற முடிவை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. வாசித்தவர்கள் திரும்ப ஆட வந்ததும் அந்த முடிவுக்குப் பிறகுதான்.

சோதனையும் செலவும்

22 பக்கம் அச்சிட்டு ஐந்து பேரிடம் கொடுத்தோம். அப்பத்தா எங்கே மாறினார் என்று பென்சிலால் கோடு போடச் சொன்னோம், வேறெதுவும் கேட்கவில்லை. கோடுகள் கை நிற்கிற வரியில் விழுந்தால் சரி. பன்மை வந்த வரியில் விழுந்தால் முந்தைய வரி போதவில்லை என்று பொருள். அப்படி நான்கு இடம் திருத்தினோம். இந்தப் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ‘அப்பத்தா’ அப்பாவைப் பெற்றவர் என்பது விளங்க ஒரு வரி சேர்த்தோம். அம்மாவைப் பெற்றவர் இங்கே ‘ஆயா’. சென்னைக் காதுக்கு அது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரரையும் குறிக்கும் என்பதால், அந்த உறவைக் கதையில் கொண்டுவரவில்லை.

அச்சுக்குப் பக்கம் 2 ரூபாய் வீதம் 220 ரூபாய். மென்பொருள், எழுத்துரு, வெளியிட்ட தளம் எல்லாம் இலவசம். எழுத்துக்கு 31 மணி, நிரலுக்கு 9 மணி, இடைவெளி எண்களைத் திருத்த மட்டும் 6 மணி.

அடுத்த முறை

3ஆம் படி வரிகளை முதலில் எழுதுவோம். இந்த முறை 0இலிருந்து தொடங்கியதால், மேலே போகப்போக வரிகள் களைத்துப்போயின. உறைந்த பேச்சை முதலில் எழுதி, அதை உருக்கிக் கீழே கொண்டுவருவது எளிது என்று கடைசி வாரத்தில்தான் தெரிந்தது.

‘நிலுவை’ ஒரு சுற்றில் தீர்ந்துபோகிறது. விலையைச் சொன்னதற்கு இரண்டு சுற்று நிற்கலாம், கைப்பேசிக்கு ஒரு சுற்று போதும். அதைச் சுற்றுகளின் எண்ணிக்கையாக மாற்றிப் பார்க்க வேண்டும். அடுப்படிப் பெண் இப்போது வெறும் பெயரில்லாத காதாக இருக்கிறார். 3ஆம் படியில் அப்பத்தா அவரிடம் கேட்கும்போது, அவர் பேரனைப் பார்த்து, ‘தம்பி, சாப்பிட்டீங்களான்னு ஆச்சி கேக்குறாக’ என்று சொல்ல ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோம். அதை எந்தச் சுற்றில் விடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.